பூச்சி தொடாத இலைகள்

உட்காருங்கள், தம்பி. அந்த முக்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இந்த நாற்காலியில் உட்காருங்கள். ஓவன் நூற்றைந்து டிகிரிக்கு ஏற முக்கால் மணி நேரம் ஆகும்; மலையில் குளிர்காலத்தில் அப்படித்தான். ஏறிய பிறகும் ஒரு மணி நேரம் அது அசையாமல் நிற்கிறதா என்று உங்கள் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். ஆகவே நமக்குப் பொழுது இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். எதற்காக என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "ஓவனைச் சோதித்துச் சான்று வழங்கவும்" என்று ஒரு வரிக் கடிதம் வந்திருக்கும். அதை எழுதியவள் நான்தான். காரணத்தை எழுதவில்லை. எழுதினால் ஒரு வரியில் அடங்காது.

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் பழியும் இடம் மாறிவிடும். இந்தக் கல்லூரியில் மாறித்தான் கிடக்கிறது.

முதலாவது, ஓடையில் விழும் இலை. தண்ணீரில் விழுந்த இலை சும்மா அழுகிப் போகும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதல் இரண்டு நாளில் இலையின் சாறு தண்ணீரில் இறங்கும், தேநீர் இறங்குவது போல. பிறகு பூசணம் படர்ந்து இலையை இளக்கும். இளகிய பிறகே பூச்சிகள் வந்து கடிக்கும். இலையைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, தன் உடம்பைச் சுற்றிச் சட்டை போல ஒட்டிக்கொள்ளும் புழு ஒன்று உண்டு. எங்கள் களப்பணியாளர் மருதவீரன் அதற்குச் 'சட்டைக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார். அது தின்று கழித்தால்தான் ஓடையில் கீழே இருக்கும் உயிர்களுக்குச் சாப்பாடு. அது தின்னாவிட்டால் இலை குவிந்து கிடக்கும்.

இரண்டாவது, எங்கள் ஆய்வு. கடுங்குளிரிலும் கடும்வெயிலிலும் இந்த வேலை எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி. இங்கே ஜனவரியில் உறைபனி கொட்டிப் புல்வெளி வெள்ளையாகிவிடும். ஏப்ரலில் இப்போதெல்லாம் கடைவீதியில் மின்விசிறி விற்கிறார்கள். முன்பு இந்த ஊரில் மின்விசிறி என்று சொன்னாலே சிரிப்பார்கள். ஆய்வை நடத்தியவர் பேராசிரியர் தயாபரன். நாவல் இலையை எடைபோட்டு வலைப்பையில் வைத்து, ஓடைக்கல்லோடு கட்டிவிட வேண்டும். பாதிப் பைகளுக்குப் பெரிய கண் வலை, பூச்சி நுழையும். பாதிக்குச் சின்னக் கண் வலை, பூச்சி நுழையாது. குறித்த நாளில் எடுத்து, கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். இரண்டு வகைப் பைக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் பூச்சி தின்ற பங்கு. புரிகிறதா? இதை மட்டும் நினைவில் வையுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

மூன்றாவது, நான். பெயர் அங்கயற்கண்ணி. படித்தது புலவர் பட்டம். என் கணவர் இந்த ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். அவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் அந்த வேலை எனக்கு வந்தது. சேர்ந்த புதிதில், "புலவரம்மா, கண்ணாடிக் குழாயில வெண்பா ஊத்திடாதீங்க" என்று சிரித்தார்கள். அது இருபத்தாறு ஆண்டுக்கு முன்பு. இன்று என் கண் படாமல் இந்த அறையிலிருந்து ஒரு தாளும் வெளியே போவதில்லை. சிரித்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

நான்காவது, மருதவீரன். வயது நாற்பத்தேழு. பெற்றோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்கள். பதினோரு ஆண்டு இந்தக் கல்லூரியில் தினக்கூலியாக வேலை செய்தார். நிரந்தரப் பணியிடம் ஒன்று வரும் வரும் என்று பதினோரு ஆண்டு காத்திருந்தார். சென்ற ஆண்டு வந்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. நான்தான் கெடுத்தேன் என்கிறார்கள். நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், கெடுத்தது யார் என்று.

எழுபது டிகிரி ஆகிவிட்டதா? நன்று.

பேராசிரியர் தந்த செயல்முறைத் தாளில் "இலைகளை நிழலில் உலர்த்தி, ஐந்து கிராம் எடுத்துக்கொள்க" என்று இருந்தது. நிழலில் உலர்த்தினேன். தட்டில் பரப்பி, காகிதம் மூடி, இரண்டு வாரம். காலையில் எடை போட்டேன், ஐந்து கிராம். மாலையில் மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வந்து போனது. அதே இலையை மறுபடி போட்டேன், ஐந்தேகால் கிராம். மறுநாள் வெயில் அடித்தது, ஐந்துக்கும் கீழே. தம்பி, வேளைக்கு ஓர் எடை காட்டும் இலையை வைத்துக்கொண்டு என்ன ஆய்வு செய்வது? தொடக்கமே ஆடினால் முடிவு எங்கே நிற்கும்?

ஆகவே திருத்தினேன். சிவப்பு மையால் "நிழலில்" என்பதை அடித்து, "ஓவனில் நூற்றைந்து டிகிரியில், ஒரு முழு நாள்" என்று எழுதினேன். மடித்து மறைக்கவில்லை. பேராசிரியரின் மேசையில் விரித்து வைத்தேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே, "அங்கயற்கண்ணி மேடம் பார்த்தாச்சா? அப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டார். எனக்கு அவர் எப்போதும் அப்படித்தான் போடுவார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகு ஒரு பைக்கும் மறு பைக்கும் தலைமுடி அளவு வேறுபாடு இல்லை. ஐந்து என்றால் ஐந்து. நூற்று நாற்பத்து நான்கு பை. இலை கையில் எடுத்தால் கலகலவென்று ஓசை கேட்கும்.

மருதவீரனுக்குத்தான் அந்த ஓசை பிடிக்கவில்லை. முதல் தொகுதியைச் செப்டம்பரில் கட்டினோம். குளிரும் இல்லை, வெயிலும் இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தொகுதி. பைகளை வாங்கிக்கொண்டு போனவர் வாசலிலேயே நின்றார். அவர் பேச்சைத் திருத்தாமல், அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"மேடம், இது காஞ்ச இலை இல்ல. வறுத்த இலை. அப்பளமாட்டம் நொறுங்குது."

"உலர்ந்தால் நொறுங்கத்தான் செய்யும், மருதவீரன்."

"மரத்துலேர்ந்து விழுந்து காயிற இலை இப்படி நொறுங்காது மேடம். பூச்சிக்கும் நாக்கு இருக்குல்ல?"

"பூச்சியின் நாக்கைப் பற்றிப் பேராசிரியர் கவலைப்படுவார். நீங்கள் முடிச்சைப் பற்றிக் கவலைப்படுங்கள். சென்ற ஆய்வில் இரண்டு அவிழ்ந்தன."

சிரித்துக்கொண்டே போனார். அவருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஒழுங்கற்றவர்களுக்கு அது ஒரு வசதி.

ஐம்பத்தாறு நாள் கழித்துக் கடைசிப் பைகள் வந்தன. பெரிய கண் பையும் சின்னக் கண் பையும் ஏறக்குறைய ஒரே எடை. ஜனவரியில் உறைபனி, தண்ணீர் மூன்று டிகிரி. மருதவீரன் கைவிரல் நீலம் பாரிக்கப் பைகளைக் கொண்டுவந்தார். அவற்றிலும் ஒரே எடை. குளிரில் பூச்சி முடங்கிவிட்டது என்றார் பேராசிரியர். ஏப்ரலில் வெயில்; மறுபடி ஒரே எடை. வெயிலில் பூச்சி ஓடிவிட்டது என்று மகிழ்ந்தார். மிகை வெப்பமும் மிகைக் குளிரும் பூச்சிகளை விலக்குகின்றன. இலை மக்குவது தடைபடுகிறது. கட்டுரைக்கு அப்போதே தலைப்பு வைத்துவிட்டார். செப்டம்பர்த் தொகுதியைப் பற்றி நாங்கள் இருவரும் அவ்வளவாகப் பேசவில்லை. பேச வேண்டியவர் அவர். நான் எடை போடுகிறவள்.

மருதவீரன் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு முறை பை கொண்டு வரும்போதும் ஒரே பாட்டு. "பைக்கு வெளியில சட்டைக்காரன் மொய்க்கிறான் மேடம். பக்கத்துல கிடக்கிற குப்பையைத் தின்னுறான், நம்ம பைய மோந்து பார்த்துட்டுப் போயிடுறான்." நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. மோந்து பார்த்ததற்கு அலகு ஏது?

மே மாதத் தொடக்கத்தில் இருப்பு சரிபார்த்தேன். பெரிய கண் வலைச் சுருளில் நான்கு மீட்டர் குறைந்தது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் நான்கு மீட்டர். நான்கு மீட்டர் என்றால் முப்பத்திரண்டு பை. என் முழங்கால் சரியில்லை. ஆனாலும் மறுநாள் காலை ஓடைக்கு இறங்கினேன்.

அந்த ஓடை கல்லூரிக்குப் பின்னால் சோலைக்குள் இருட்டாக வரும். பிறகு மரம் வெட்டிய தேயிலைச் சரிவில் வெளியேறி, முழு வெயிலில் ஓடும். சோலை விளிம்பில் மருதவீரன் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையை ஆட்டினார்.

"வாங்க மேடம், வாங்க! நானே கூட்டிட்டு வரணும்னு இருந்தேன். பார்த்துக் கால வைங்க, அந்தக் கல்லு வழுக்கும்."

கல்லில் பச்சை நூலால் கட்டிய பைகள். எங்கள் பைகளுக்கு வெள்ளை நூல். நான் பச்சை நூலைத்தான் பார்த்தேன்.

"இது என்ன?"

"நம்ம பை இல்ல மேடம், என் பை. ஓடை ஓரத்துல தானா விழுந்த நாவ இலை. வீட்டுல பாயில பரப்பிக் காய வச்சேன். ஓவனும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோலைக்குள்ள பதினாறு, வெயிலுக்குள்ள பதினாறு. இங்க பாருங்க."

ஒரு பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே இலை இல்லை; இலையின் நரம்பு மட்டும் வலை பின்னினாற்போல் இருந்தது. அதன்மேல் சட்டைக்காரன்கள் ஏழெட்டு. பிறகு என்னை வெயில் பகுதிக்கு நடத்திக்கொண்டு போய் இன்னொன்றைப் பிரித்தார். இலை முழுதாக, கறுத்து, கொழகொழவென்று இருந்தது. புழு ஒன்றும் இல்லை.

"தண்ணி நடுப்பகல்ல இருபத்தாறு டிகிரி மேடம், நம்ம தெர்மாமீட்டர்லதான் பார்த்தேன். சோலைக்குள்ள பதினேழு. சட்டைக்காரனுக்கு வெயிலு ஆகல. இலை மேல கோவம் இல்ல. நம்ம பைய மட்டும் சோலைக்குள்ளயும் தொடல, ஏன்? நீங்க சோத்தைக் கருக்கிப்புட்டு, பந்திக்கு ஆளு வரலைங்கறீங்க."

"மருதவீரன், இந்த வலையைக் கேட்டு எடுத்தீர்களா?"

"கேட்டாக் குடுத்திருப்பீங்களா மேடம்?"

"மாட்டேன்."

"அதான்."

மறுபடி அந்தச் சிரிப்பு.

"தொடக்க எடை எங்கே?" என்று கேட்டேன். "எத்தனை கிராம் வைத்தீர்கள்?"

"தராசுக்கு நான் எங்க போக? ஒவ்வொரு இலையையும் காலண்டர்த் தாள்ல வச்சு, பென்சிலால சுத்தி வரைஞ்சு வச்சிருக்கேன். எவ்வளவு இருந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு தாளைப் பார்த்தாத் தெரியும். பையிலயும் தாள்லயும் ஒரே நம்பர்."

எடை இல்லாமல் ஆய்வு! கோயில் பெயர் அச்சிட்ட நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் இலைப்படம்! எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனிதருடைய முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். நான் இருபத்தாறு ஆண்டு இங்கே வேலை செய்திருக்கிறேன். யாரையும் கையை ஆட்டிக் கூப்பிட்டு எதையும் காட்டியதில்லை.

முப்பத்திரண்டு பையையும் அன்றே எடுக்கச் சொன்னேன். நாள்காட்டித் தாள்களையும் வாங்கிக்கொண்டேன். மேலே வந்து கடிதம் எழுதினேன். "கல்லூரிக்குச் சொந்தமான நான்கு மீட்டர் வலையை அனுமதியின்றி எடுத்து, ஆய்வு நடக்கும் ஓடையில் அனுமதியற்ற பைகளைக் கட்டினார்." பதினேழு வரி. மிகை ஒன்றும் இல்லை. திருடினார் என்றுகூட எழுதவில்லை. எடுத்தார் என்றுதான் எழுதினேன்.

அந்த ஜூன் மாதத்தில்தான் நிரந்தரப் பணிக்கான தேர்வுக் குழு கூடுகிறது என்பது எனக்குத் தெரியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தெரியும். குழுவுக்கான கோப்பை அடுக்கியவளே நான்தான். கடிதத்தை அதற்குரிய இடத்தில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

குழு முடிந்த அன்று மருதவீரன் இந்த வாசலில் வந்து நின்றார். சிரிக்கவில்லை.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம். வலைக்கு வேணா சம்பளத்துல பிடிச்சிருக்கலாம்."

"சொன்னால் நீங்கள் கேட்டிருப்பீர்களா?"

"இலையப் பத்தி நான் சொன்னேனே மேடம், நீங்க கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வரவில்லை. இடம் காலியாகவே கிடந்தது. அடுத்தவருடைய சான்றிதழ்கள் வந்து சேரத் தாமதம்.

தொண்ணூற்றெட்டு. இன்னும் கொஞ்சம்தான்.

நவம்பரில், கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. கட்டுரையைப் படித்துப் பார்த்தவர்கள் இரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். குளிரிலும் வெயிலிலும் பூச்சி வரவில்லை, சரி. செப்டம்பரில் ஏன் வரவில்லை? இலைகளை எத்தனை டிகிரியில் உலர்த்தினீர்கள்? பேராசிரியர் என்னிடம் வந்து கேட்டார். நான் நிமிர்ந்து நின்று "நூற்றைந்து" என்றேன். அவர் இந்த நாற்காலியில்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில், தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஏம்மா... கட்டறதுக்கு முன்னாடியேவா? யாரைக் கேட்டு?"

"உங்கள் கையெழுத்து இருக்கிறது, ஐயா."

சிவப்பு மையைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். "இப்படி வேக வச்சா இலையோட சத்தே மாறிடும்மா. எந்தப் பூச்சியும் தொடாது. நாலு இலையை மட்டும் ஓவன்ல போட்டு, எவ்வளவு ஈரம்னு கணக்குப் பண்ணி, மத்ததுல கழிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். அதைத் தாளில் எழுதியிருந்தால் செய்திருப்பேன். எழுதவில்லையே. பிறகு மெல்லிய குரலில், "மருதவீரன் என்னமோ கட்டியிருந்தானே, அதைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் அல்லள். முப்பத்திரண்டு பையையும் சான்றுப் பொருளாக உலர்த்தி, எண்ணிட்டு, உறையிட்டு, நாள் எழுதி, நாள்காட்டித் தாள்களையும் உடன் வைத்து அலமாரியில் பூட்டியிருந்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அதற்கு ஒருவராவது நன்றி சொன்னார்களா?

என்ன சொன்னீர்கள்? சற்று உரக்கச் சொல்லுங்கள். "ஓவன் இருபது டிகிரி கூட ஓடுதுன்னு எழுதிடவா மேடம், பழி மெஷின் மேல போயிடும்" என்கிறீர்களா? நல்ல மனத்தோடு சொல்கிறீர்கள், தெரிகிறது. கூடாது. இந்த ஓவன் ஒரு நாளும் தவறியதில்லை. அதைச் சான்றோடு காட்டத்தான் உங்களை வரவழைத்தேன். இதன்மேல் பொய் எழுத நான் விடமாட்டேன். உங்கள் முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுங்கள்.

பிறகு நடந்தவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒன்று. பேராசிரியர் பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். என் நூற்று நாற்பத்து நான்கு பைகளும் கணக்கில் இல்லை.

இரண்டு. பச்சை நூல் பைகளை வைத்துப் புதிய கட்டுரை எழுதுகிறார். இலைப்படங்களைக் கட்டமிட்ட தாளில் ஏற்றி எண்ணியபோது, சோலைக்குள் இலையில் நூற்றுக்கு எழுபது பங்கு போயிருந்தது. வெயிலில் இருபதுகூடப் போகவில்லை. எண்ணியவள் நான். இரண்டு முறை எண்ணினேன். படங்களில் பிழை இல்லை.

மூன்று. கட்டுரையில் மருதவீரன் பெயரைப் போட முடியுமா என்று பேச்சு வந்தது. இப்போது கல்லூரிப் பணியாளர் அல்லர் என்பதால் "ஒரு களப்பணியாளர்" என்று இறுதியில் நன்றி சொல்லலாம் என்று முடிவாயிற்று. அவர் இப்போது கேரட் கழுவும் இடத்தில் மூட்டை ஏற்றுகிறார்.

நான்கு. குற்றச்சாட்டைச் சொன்னவர் நவம்பர் முப்பதுக்குள் எழுத்தில் திரும்பப் பெற்றால் மருதவீரனையே அந்த இடத்தில் அமர்த்தலாம் என்று முதல்வர் சொன்னார். பேராசிரியர் இரண்டு வரியில் கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். நான் கையெழுத்திட்டால் போதும். என்னுடைய பழைய கடிதத்தை எடுத்து நான்கு முறை படித்தேன். வலை எடுத்தது உண்மை. கேட்காதது உண்மை. கட்டியது உண்மை. பதினேழு வரியில் ஒரு வரியும் பொய் இல்லை. உண்மையை எப்படித் திரும்பப் பெறுவது? கையெழுத்திடவில்லை.

ஐந்து. டிசம்பர் முதல் தேதி அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். ஒழுங்கானவர். பையைக் கொடுத்தால் கட்டுகிறார், நாள் வந்தால் அவிழ்க்கிறார். இலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.